மரத்தொட்டியில் நல்லெண்ணெய்

4 நவம்பர் 1998, புதன். ஃப்ரீமான்ட்

இன்று நான் வைத்த ரசத்தின் வாசனைக்கு ஃப்ரீவேயில் பதினெட்டுச் சக்கர லாரிகள் வேகம் குறைத்து மூக்கை நீட்டின. மரகதம் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "உப்பு போடலீங்களா?" கடலையே கவிழ்த்திருந்தேன். போன வருஷத்துக் கீமோ அவள் நாக்கின் ருசியைக் கொண்டுபோனது. இன்னும் திருப்பித் தரவில்லை.

நேற்று டாக்டரம்மா சொன்னதை எழுதிவிடுகிறேன். மார்பில் அறுத்து எடுத்தது இப்போது ஈரலில் வந்திருக்கிறது. மறுபடி கீமோ கொடுக்கலாம். குணமாகாது. நாள் கொஞ்சம் நீளலாம், நீளாமலும் போகலாம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். மரகதம், "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றாள். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷில் நான்தான் சொன்னேன். 

முகிலன் ஜெர்சி சிட்டியிலிருந்து கூப்பிட்டான். "அப்பா, நீங்க சொன்னாத்தான் அம்மா ஒத்துப்பாங்க. ஆனா சீரியஸா பேசுங்க. தமிழ்ச் சங்கத்துல எல்லாரையும் சிரிக்க வைக்கப் போடற கிட்டு அங்கிள் வேஷமெல்லாம் வேண்டாம், ப்ளீஸ்." மகனின் ஆணை. அடியேன் தலைமேல்.

ராஜதந்திரம் தயார். கிளினிக்கில் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் ஜப்பான்காரர் சத்திரம் ஒன்றின் படம் வந்திருந்தது. நாபாவுக்கும் அப்பால் மலையில், ஆறே அறைகள், பூமிக்கடியிலிருந்து பொங்கும் வெந்நீர். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எத்தனை தண்ணி, பாருங்க" என்றாள். வறட்சிக்குப் பேர்போன காங்கேயத்துக்காரி. வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு பாத்டப்பை மாட்டுத்தொட்டி என்று வைதுகொண்டிருப்பவள். நாளைக்கே படையெடுப்பு. அங்கே வைத்துக் கேட்டு, 'சரி'யை வாங்கிவந்துவிடுவேன்.

5 நவம்பர், வியாழன். சத்திரம்

சத்திரத்தின் சொந்தக்காரி ஹாயாஷி அம்மாள். எழுபது வயது, என் இடுப்பு உயரம், கண்ணில் மட்டும் ஒரு படைத்தளபதி. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னாள். "இதுக்கா இத்தனை தூரம்? நம்ம வீட்டாட்டமே இருக்குது" என்றாள் மரகதம். தரை முழுக்கப் பாய். நாற்காலி என்ற பொருளை இவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. உட்கார்ந்த என்னை எழுப்ப அமெரிக்க ராணுவம் கிரேன் அனுப்ப வேண்டியிருந்தது.

உடுத்திக்கொள்ள நீளமான பருத்தி அங்கி தந்தார்கள். மரகதத்துக்கு நான்தான் கட்டிவிட்டேன். அறுவைக்குப் பிறகு வலது கையைத் தூக்கினால் அவளுக்கு வலிக்கும். ஹாயாஷி அம்மாள் டீயோடு வந்தாள். பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, மரகதத்தின் அங்கியைப் பிரித்து, இடப்பக்கம் மேலே வருமாறு மடித்துக் கட்டினாள். பிறகு நான் வெளியே போய்க் கேட்டதால்தான் சொன்னாள்: நான் கட்டியதுபோல் வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறையாம்.

இதற்கு ஒரு ஜோக் இருக்கும். நாளைக்கு யோசிக்கலாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் முழங்காலிட்டுக் கைகூப்பினேன். "மகாராணியார் சமூகத்துக்கு அடியேன் விண்ணப்பம். தங்கள் திருமேனிக்கு இன்னும் சில பாட்டில் மருந்து ஏற்றிக்கொள்ளத் திருவுளம் பற்ற வேண்டும்." ஊறுகாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க, ஆறுது."

கேட்டாகிவிட்டது. இது கேட்டதாக ஆகுமா?

6 நவம்பர், வெள்ளி

பேரழிவு. சரித்திரத்தில் ஏறும்.

வெள்ளிக்கிழமை என்பதால் பெட்டியின் அடியிலிருந்து ஒரு நல்லெண்ணெய் பாட்டிலும் சீயக்காய்ப் பொட்டலமும் எடுத்தாள். எப்போது வைத்தாளோ! "ஏனுங்க, தலைக்கு எண்ணெய் வெச்சு விடறீங்களா? இத்தனை சுடுதண்ணி வேறெங்க கிடைக்கும்?" முடி திரும்பி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. விரல் நீளம். முன்பு இல்லாத சுருள் சுருளாக. சூடு பறக்கத் தேய்த்தேன். பிடரி, தோள், அப்புறம் அந்தத் தழும்பு. என்னைப் பார்க்கவே விடாமல் வைத்திருந்த தழும்பு. எண்ணெய்க் கை அதன்மேல் போய்வந்தது. அவள் என் கையை விலக்கவில்லை.

குடும்பமாகக் குளிக்கத் தனி அறை உண்டு. நடுவில் ஆள் மூழ்கும் மரத்தொட்டி. அப்படியே இறங்கிவிட்டோம். எண்ணெயைப் போக்கத்தானே வெந்நீர்? இவர்கள் நியாயம் வேறு. வெளியே குழாயடியில் தேய்த்துக் குளித்து, சுத்தமான பிறகுதான் தொட்டிக்குள் கால் வைக்க வேண்டும். தொட்டி சும்மா உட்கார்ந்திருக்க மட்டுமாம். சுவரில் எழுதியும் இருந்தது. படிக்கிற மூஞ்சியா இது?

தண்ணீரின் மேல் ஏழு வண்ணத்தில் எண்ணெய். கப்பல் கவிழ்ந்த சமுத்திரம்! டெலிவிஷன்காரர்கள் ஹெலிகாப்டரில் வராததுதான் பாக்கி. ஹாயாஷி அம்மாள் எட்டிப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "மரம் எண்ணெயைக் குடித்துவிடும்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, அடைப்பைப் பிடுங்கினாள். மரத்தில் சோப்பும் படக்கூடாதாம். சீயக்காயை நீட்டினேன். மோந்து பார்த்தாள், நக்கிப் பார்த்தாள், அனுமதி தந்தாள்.

அரைக்கால் டிராயரோடு தொட்டிக்குள் மண்டியிட்டேன். மரகதம் விளிம்பில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தாள். "அங்க, அந்த மூலைல. ஊருக்கெல்லாம் கதை அளக்கறீங்க, ஒரு தொட்டி தேய்க்க உடம்பு வணங்குதா பாருங்க."

"அம்மணி, தாஜ்மகாலைக் கட்டினவன்கூட உள்ள எறங்கிக் கழுவிவிடலை."

சிரித்தாள். இருமல் வரும் வரை சிரித்தாள். இதுதான் சமயம். முகிலன் சொல்லித்தந்த காரணங்களையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "இந்த முடி இருக்கட்டுங்க" என்றாள்.

"என்ன?"

"இதோடயே இருந்துக்கறனுங்க. மறுக்காவும் கொட்ட வேண்டாம். முகிலன்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

தேய்த்தேன். வெகுநேரமாக ஒரே இடத்தையே தேய்த்திருக்கிறேன் போல. "அங்க எண்ணெய் போயிருச்சுங்க. இந்தப் பக்கம் வாங்க" என்றாள்.

7 நவம்பர், சனி

தொட்டியில் புதுத் தண்ணீர். குழாயடியில் ஒழுங்காகக் குளித்துவிட்டு அவள் மட்டும் இறங்கினாள். கழுத்து வரை தண்ணீர், கண் மூடியிருந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு புளுகுகூடத் தோன்றவில்லை.

8 நவம்பர், ஞாயிறு. ஃப்ரீமான்ட்

முகிலனுக்கு ஃபோனில் சொன்னேன்.

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்படி? எக்ஸாக்ட்டா என்ன சொன்னீங்க?"

மகாராணியார் சமூகம், அடியேன், விண்ணப்பம்… எதைச் சொல்ல?

"ஜோக்கா மாத்தியிருப்பீங்க. எல்லாத்தையும் மாத்தற மாதிரி." வைத்துவிட்டான்.

"என்னங்க, வெச்சுட்டானா?" என்று மரகதம் உள்ளேயிருந்து கேட்டாள். லைன் கட்டாகிவிட்டது என்றேன்.

ஏன் கேட்கலை? அவ முடிவா சொன்ன பிறகாவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேண்டாம் மரகதம், எனக்காக ஒத்துக்கோன்னு சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாளோ? அந்தப் பயமா? மறுபடி அந்த வாந்தி, அந்த வாளி, அந்த முகம் — என்னால முடியாதுன்னு நான் வாயை மூடிக்கிட்டேனா? அப்போ அது அவளுக்காகவா, எனக்காகவா? தெரியலையே. சத்தியமா தெரியலை.

9 நவம்பர், திங்கள்

கிளினிக்குக்கு ஃபோன் செய்தேன். வேண்டாம் என்று சொல்ல அதிக நேரம் பிடிக்கவில்லை.

27 டிசம்பர், ஞாயிறு

முகிலன் லீவு போட்டு வந்திருக்கிறான். அம்மாவோடு பேசுகிறான், அவள் காலைப் பிடித்துவிடுகிறான். என்னோடு கார் சாவி, மாத்திரை, நர்ஸ் வரும் நேரம் — அவ்வளவுதான். மரகதத்துக்கு வயிற்றில் நீர் கோத்துவிட்டது. முடி காதைத் தொட்டுவிட்டது. கண்ணாடி கேட்டாள். கொடுத்தேன். சிலுப்பிப் பார்த்துக்கொண்டாள்.

19 ஜனவரி 1999

காலையில் போய்விட்டாள். முகிலன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

6 பிப்ரவரி, சனி

முகிலனை ஏர்போர்ட்டில் விட்டுவந்தேன். காரை ஓரங்கட்டினேன். அவன் இறங்கவில்லை. முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கேட்டான்:

"அப்பா, நீங்க நல்லாக் கேட்டிருந்தாலும் அம்மா வேண்டாம்னுதானே சொல்லியிருப்பாங்க?"

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

"ஆமாண்டா" என்றேன். "அவ எப்பவோ முடிவு பண்ணிட்டா. யார் கேட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது."

தலையாட்டினான். பெட்டியை எடுத்துக்கொண்டான். ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனான்.

வாழ்நாளெல்லாம் யாரும் நம்பாத பொய்யாகவே பார்த்துச் சொல்லிவந்தவன் நான். இதை நம்பிவிட்டான்.