மின்விசிறிச் சத்தத்தில் அப்பா குரல்

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பிப்பதுதான் முறை. முழங்கால் வலியைத் தள்ளிவிட்டால் நான் சுகமாகத்தான் இருக்கிறேன். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், அவசரப்பட்டு அதை முதலில் தேடாதே. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, போன வாரம் போனில் நீ அழுததிலேயே தெரிந்துவிட்டது. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டில் இருப்பது இரண்டே அறை. நான் போனை எடுத்தாலே அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், எழுந்து மாடிப்படிக்குப் போய்ப் பேசினால் அவர் முகம் சுருங்கிவிடுகிறது. அதனால் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தையல் மிஷின் மேலேயே வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மிஷினைத் திட்டு. கூரியரில் போட்டால் சீக்கிரம் வந்துவிடும் என்றார்கள்.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தான், வந்ததும் வராததுமாக, கம்ப்யூட்டர்ல பாட்டு பண்ணப் படிச்சு இவ என்னத்தக் கிழிச்சா, வந்து அப்பாவைப் பாக்கச் சொல்லுங்க என்று கத்தினான். அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்து, வாரத்துக்கு ஒருநாள் வந்து நீங்க பாத்த அழகே போதும் என்றாள், அதோடு அவன் குழாயை ரிப்பேர் பண்ணப் போய்விட்டான். அவன் பேச்சை மனதில் வைக்காதே, அழத் தெரியாமல் கத்துகிறான். நம் கட்டிடத்தில் லிப்ட் மறுபடி நின்றுபோய்விட்டது. அப்பாவால் படி இறங்கி ஏற முடியவில்லை, கழுத்து ஓட்டை வழியாகத்தானே மூச்சு. அதனால் பேருந்து நிலையத்துக்குப் போவதும் நின்றுவிட்டது. குரல்வளையை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகும் தினமும் போய், தன் பழைய அறிவிப்பு அறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, தன் இடத்துக்கு வந்திருக்கிற பதிவுக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். எல்லா ஊர்ப் பெயரையும் ஒரே மாதிரி சொல்கிற பெண் குரல் அது. கிளம்பிப் போய்விட்ட வண்டியை இன்னும் சற்று நேரத்தில் வரும் என்று அது சொன்ன அன்றைக்கு அப்பா சிரித்தாராம். சத்தம் வராது அல்லவா, தோள் மட்டும் குலுங்கியிருக்கிறது. பக்கத்தில் இருந்த கண்டக்டர், அப்பா அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாராம்.

இனி அப்பா விஷயம். கழுத்தில் மறுபக்கம் ஒரு கட்டி வந்திருக்கிறது. டாக்டர் என்னையும் உன் அண்ணனையும் தனியாகக் கூப்பிட்டு, இனிமே கத்தி வைக்க வேண்டாம்மா, வலி இல்லாம பாத்துக்கலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது, உனக்கும் புரியும். இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவரிடம் நாங்கள் சொல்லவில்லை, ஆனால் அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. மெலிந்துவிட்டார். வடிகட்டிய சூப்பும் பாலும்தான் இறங்குகிறது. ஓட்டையை மூட நான் தைத்துக் கொடுக்கிற சின்னத் துணிகளைத் தானே துவைத்து ஜன்னலில் வரிசையாகக் காயப்போடுகிறார்.

நீ போனில் சொன்னதற்கு வருகிறேன். மின்விசிறிச் சத்தத்தை எடுத்தா அப்பா குரலும் கூடவே போயிடுதும்மா என்று சொன்னாயே, அன்றிலிருந்து அதேதான் காதில் ஓடுகிறது. அப்பா குரலைப் பதிவு செய்ததில் அந்த விசிறி எப்படி வந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது, சொல்கிறேன். ஆபரேஷனில் குரல் போவதற்கு முன்னால் பதிவு செய்துவிட வேண்டும் என்று, நீ சொன்ன மாதிரியே ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, போனை ஒரு சாண் தள்ளி வைத்து அவரை உட்கார வைத்தேன். பேச வாயைத் திறந்தார், குரலே எழும்பவில்லை. பயணிகள் கவனத்துக்கு என்று சொன்னது கடன் கேட்க வந்தவர் பேசுவது மாதிரி இருந்தது. நோயால்தான் என்று நான் பயந்துவிட்டேன், அவரும் பயந்தார். இத்தனை காலமும் மைக் இருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் உறுமிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன, அந்த இரைச்சலுக்கு ஒரு படி மேலே குரலைத் தூக்குவதுதான் அவர் வேலை, சத்தமே இல்லாத அறையில் எங்கே ஏறுவது என்று குரலுக்குத் தெரியவில்லை. திடீரென்று எழுந்துபோய் அந்தக் கடகட விசிறியைப் போட்டார் பார், வந்தது குரல், பழையபடி, கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. ஊர்ப் பெயர்களை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் வாயாடி சாப்பிட்டியா என்றும் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பெருமையாக அதை உனக்கு அனுப்பினோம், அது உன்னை இந்தப் பாடு படுத்தும் என்று எங்களுக்கு என்ன தெரியும்.

அதனால் சொல்கிறேன், விசிறியை எடுக்காதே. அது ஓடியிருக்காவிட்டால் நீ தேடுகிற குரலே கிடைத்திருக்காது. ஒரே தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்தால் கடைசியில் துணி ஊசியைத் தாங்காது, அதைத்தான் நீ செய்துகொண்டிருக்கிறாய். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் பாட்டு வெளியிட்டுவிட்டார்கள், எனக்கு இது வராது, கம்ப்யூட்டரைத் திறக்கவே மனசு வரவில்லை என்கிறாய். எனக்கு மனசு வந்துதான் மிஷினில் உட்காருகிறேன் என்றா நினைத்தாய்? உட்கார்ந்த பிறகு சில நாள் வரும், சில நாள் வராது, சட்டை மட்டும் தைத்து முடிந்திருக்கும். நீயும் காலையில் காது களைக்காமல் இருக்கும்போது உட்கார், கொஞ்ச நேரம் போதும், பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே நடந்துவிட்டு வா. உன் அறைத்தோழி கேட்ட பிறந்தநாள் பாட்டைச் சப்பை வேலை என்று தட்டிக் கழித்தாயே, அதையும் செய்து கொடு, முடித்துப் பழகுவாய். நீ மோசமாகச் செய்தால் யார் உன்னை அடிக்கப் போகிறார்கள்?

மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாய். வா, கண்ணு, கட்டாயம் வா, ஆனால் லீவு சொல்லிவிட்டு வா, படிப்பை விட்டுவிட்டு வராதே. அப்பாவுக்குப் பிறகு நீ எங்களுக்காக விட்டாய் என்று ஒரு பேச்சு இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

இன்னொன்று, இதற்காகத்தான் இந்தக் கடிதமே. உங்க குரலை வச்சு ஒரு பாட்டு பண்றேன்ப்பா என்று நீ சொன்னதிலிருந்து அவர் காத்திருக்கிறார். நீ அனுப்புகிற ஒவ்வொன்றும் நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது, விசிறி கொஞ்சம் கேட்கும், டிரம்ஸ் வரும், அவர் குரல் வரும், அப்புறம் பாதியில் நின்றுவிடும். அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து வேறு ஒன்று அனுப்புவாய், அதுவும் பாதியில் நிற்கும். நேற்று சாயங்காலம் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டார். நின்றுவிட்டது என்று போனைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது, அவர் கழற்றவில்லை, அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சிலேட்டை எடுத்து, மீதி எங்கே என்று எழுதிக் காட்டினார். பண்ணிட்டிருக்கா, வந்துரும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, அதை அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். அவசரம் இல்லைன்னு அவகிட்ட சொல்லு என்று எழுதினார்.

அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். நான் சொல்வது, அவசரம்.

உன் காதுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நீ தொட்டது முடியட்டும். வேளைக்குச் சாப்பிடு. கிளம்பும்போது அண்ணனுக்குப் போன் போடு, திட்டிக்கொண்டே வந்து உன்னை அழைத்துவருவான். பாட்டு நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைசி வரைக்கும் இருக்கட்டும்.

உன்னையும் அந்த மீதியையும் எதிர்பார்த்திருக்கும்,
அம்மா