கோழியை வாங்காத டாக்டர்

அன்பு மகள் ஸ்மரண்டாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஜெர்மனியில் வேலை பார்க்கும் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, போன மாதம் இரண்டு வாரம் உன் அப்பா சாகத் தயாராகிக்கொண்டிருந்தார். பதறாதே, முழுதாகப் படி.

நீ போனதிலிருந்து பூட்டிக் கிடந்த நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒருவழியாக டாக்டர் வந்துவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மால்டோவா நாட்டுக்காரர், வாடிம் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. அப்பா நெஞ்சைப் பிசைகிறது என்றார், டாக்டரிடம் வெறுங்கையோடா போவது, கொழுத்த கோழி ஒன்றும் பிளம் சாராயம் ஒரு பாட்டிலும் கொடுத்தனுப்பினேன். அவர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, வெறும் வாயு, பன்றிக்கொழுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கோழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அப்பா வெளிறிப்போய் வீடு வந்தார். நம் ஊரில் டாக்டர் எப்போது வாங்க மாட்டார், இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை என்றால்தானே? உன் பெரியப்பா கொடுத்த வாத்தைப் பழைய டாக்டர் வேண்டாமென்ற ஒன்பதாம் நாள் பெரியப்பாவைப் புதைத்தோம். அப்பா சவப்பெட்டியில் போட்டுக்கொள்ள என்று கல்யாணக் கோட்டு சூட்டை எடுத்து வெயிலில் காயப்போட்டார், தேனீப் பெட்டிகளை யாருக்குத் தருவது என்றும் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு சவேட்டா, டாக்டருக்குக் கொடுத்த பாலாடைக்கட்டி திரும்பி வந்ததும் கடைசிப் பாவமன்னிப்புக் கேட்க நேரே பாதிரியாரிடம் ஓடினாள். இரண்டே வாரத்தில் ஊரே டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டது. வெளியூர்க்காரன் என்று வெறுக்கிறார்கள் என நினைத்து அவர் பெட்டி கட்டிவிட்டார், உங்கள் ஜெர்மனியிலேயே டார்ட்மண்டில் வேலை தயார் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து சொல்லி அழுதாள்.

அதே கோழியோடு நானே போனேன். "டாக்டர் தம்பி, என் வீட்டுக்காரர் எத்தனை நாள் தாங்குவாரு, மறைக்காம சொல்லுங்க" என்றேன். அவர் விழித்தார். விஷயத்தைச் சொன்னதும் மேசையில் தலை வைத்துச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் மெதுவாகச் சொன்னார். "எங்கம்மா இருந்த ஒரே ஆட்டையும் ஓட்டிக்கிட்டுப் போய் டாக்டருக்குக் குடுத்தாங்கம்மா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், யார்கிட்டயும் வாங்கக் கூடாதுன்னு." நான் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். சரி, நீங்கள் வாங்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், விருந்து லஞ்சமாகாது என்றேன்.

வந்தார். வாசலில் மேசை போட்டேன், ஊரே பார்க்கட்டும் என்றுதான். கோழி சூப் இரண்டு கிண்ணம் குடித்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் வரிசை வாசலைத் தாண்டி நின்றதாம். குளிர்காலம் முடியும்வரை இருக்கிறேன் என்கிறார், அப்புறம் பார்க்கலாம். சாப்பிடும்போது உங்கள் அம்மாவை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் ஊரில் இப்போது டாக்டரே இல்லையாம். அவரை இங்கே இருத்திக்கொண்ட சந்தோஷம் பாதியாகிவிட்டது மகளே. அந்த அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, பிள்ளை சாப்பிடுகிறானா என்று.

மாதா உன்னைக் காக்கட்டும். இரவுப் பணி முடிந்தால் கால் நீட்டிப் படு. அங்கே யாராவது ஓர் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதே, போய் உட்கார். அவளிடம் என் போன் நம்பரையும் கொடு.

உன் அம்மா
வியோரிகா