எனக்குக் கொடுத்த நீல அங்கி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருக்க வேண்டும். அங்கே குளிர் அதிகம் என்றாயே, குட்டிக்குக் காதை மூடி அனுப்பு. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. அப்பா நலம், என்னைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஃபோனில் பேசலாம்தான், ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து சமாதானம் சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். அப்பா இப்போது சண்டை போடாமல் குளிக்கிறார். அல்சைமர் என்று டாக்டர் சொன்னதற்குப் பிறகு குளியலறை வாசலில் தினமும் ஒரு ரகளைதான், யாரும்மா நீ கையை எடு என்று என்னைத் தள்ளுவார், நானும் விடாமல் நான்தான் உங்க பெண்டாட்டி என்று கத்துவேன், கடைசியில் இரண்டு பேரும் அழுவோம். ஃபோனில் நீயே பார்த்திருக்கிறாய். அவரைப் பார்த்துக்கொள்ள நீ ஒரு கம்பெனி மூலம் ஏற்பாடு செய்த பெண் வந்த பிறகு அந்தக் கூச்சல் அடங்கியது. நல்ல பெண்தான், பொய் சொல்ல மாட்டேன். சட்டைப் பொத்தானை அவரையே போடவிட்டுப் பொறுமையாக நிற்பாள், தையல்காரருக்குக் கை சும்மா இருக்காது என்று பழைய துணியும் நூலும் கொடுத்து உட்கார வைப்பாள். வந்த கொஞ்ச நாளில், தன் கம்பெனி அங்கியைப் போலவே ஒரு நீல அங்கி எனக்கும் கொண்டுவந்தாள். குளிப்பாட்டும்போது துணி நனையாது, போட்டுக்கோங்க என்றாள். என்ன அக்கறை என்று உருகிப் போனேன். நீளமாக இருந்தது, நானே மடித்துத் தைத்தேன், தையல்காரர் பெண்டாட்டி தொளதொள என்று போடலாமா. சமையலறையில் என்னை அம்மா என்பவள் அவர் முன்னால் மட்டும் அக்கா என்பாள், அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன். அங்கியில் இருந்தால் அவர் முரண்டு பிடிப்பதில்லை என்று நாள் முழுக்க அதையே மாட்டிக்கொண்டு திரிந்தேன். என்னைப் போல ஓர் ஏமாளி உண்டா சொல்.

போன வாரம் அவருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அங்கியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, தையல் நல்லா இருக்கே என்றார். மனசு குளிர்ந்துவிட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க, என்னைப் பாத்துக்க ரெண்டு பேரு எதுக்கு? என் வீட்டுக்காரி வந்தா என்னைத்தான் திட்டுவா" என்றார். உங்க வீட்டுக்காரி எங்கே என்று கேட்டேன். பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா, வந்துடுவா என்றார். அந்தப் பெண்ணைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்க பொண்ணுதாம்மா சொன்னாங்க, நீங்களும் கம்பெனி ஆளுன்னு அவர்கிட்ட சொல்லிடச் சொன்னாங்க, உங்களுக்குத் தெரிய வேண்டாம்னாங்க" என்றாள். அங்கியும் உன் யோசனைதானாம். உன் தம்பிக்கும் தெரியுமாம். என் வீட்டில் நான் வேலைக்கு வந்தவள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியாது.

அப்பா என்னை மறந்தார், அவர் வேண்டுமென்றா மறந்தார். நீ எல்லாம் நினைவோடு செய்தாய். நல்லதுக்குத்தானே, பலித்ததே என்பாய். பலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. அவர் நிம்மதியாகக் குளிக்க வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அங்கியை நானே வெட்டித் தைத்துப் போட்டிருப்பேன். தினமும் ஃபோனில் சாப்பிட்டியாம்மா என்று கேட்கத் தெரிந்த வாய்க்கு இதைக் கேட்கத் தெரியவில்லையா. வேறு யாராவது செய்திருந்தால் உன்னிடம் சொல்லி அழுதிருப்பேன், இப்போது யாரிடம் போய்ச் சொல்ல.

அங்கியைத் தூக்கி எறியவில்லை, குளியலறைக் கதவில் மாட்டியிருக்கிறேன். குளிக்க வைக்கும்போது மட்டும் தெரிந்தே போட்டுக்கொள்கிறேன். பிறகு கழற்றிவிட்டு என் துணியில் வந்து அவர் பக்கத்தில் உட்காருகிறேன். யாரு என்கிறார். பொண்ணு வீட்டிலேர்ந்து வந்துட்டேன் என்கிறேன். சில நாள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். நேற்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவ்வளவு நாளா என்று கோபித்துக்கொண்டார். நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டேன்.

குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள். கோபத்திலும் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வரவில்லை. ஒன்று மட்டும் மறக்காமல் பதில் எழுது. லீவுக்கு நீ வரும்போது அப்பா உன்னைப் பார்த்து யார் இது என்று என்னிடம்தான் கேட்பார். பக்கத்து வீட்டுப் பெண் என்றால் சிரித்துக்கொண்டு உட்காரச் சொல்வார், மகள் என்றால் மிரண்டு போகலாம். என்ன சொல்லட்டும்? உன்னைக் கேட்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
உன் அப்பாவின் பெண்டாட்டி.