தரையில் ஒட்டிய நீல டேப்

மார்ச் 3, ஞாயிறு

மதியச் சாப்பாட்டில் மறுபடியும் அதே சண்டை. பந்தை அடிக்க ஓங்கும்போது மட்டை எந்தச் சாய்வில் சுழல வேண்டும்? கைகள் தோளை விட்டுப் பிரிந்து மேலே ஏற வேண்டும் என்பது என் கட்சி. தோள் சுழலும் சாய்விலேயே கைகளும் தாழ்வாகப் போக வேண்டும் என்பது கொழுந்தன் கட்சி. ஒரே கோல்ஃப் பயிற்சிக் கூடத்தில், அடுத்தடுத்த தடுப்பில் நின்று, இரண்டு பேரும் நேர்மாறாகச் சொல்லிக்கொடுக்கிறோம். கூடம் இன்னும் இடிந்து விழவில்லை.

அவன் குழம்புக் கரண்டியைச் சுழற்றிக் காட்டினான். சுவரில் மூன்று சொட்டு. "அண்ணி, நீங்க சொல்றது விறகு வெட்டுறதுக்குத்தான் சரி."

"கேமரா பொய் சொல்லாது தம்பி" என்றேன். வீட்டுக்காரர் கரண்டியைப் பிடுங்கிக் கழுவப் போய்விட்டார்.

மார்ச் 7, வியாழன்

ஐந்து மணிக்குப் பல் டாக்டர் அம்மா வந்தார். இரண்டு வருடமாக என்னிடம் கற்கிறார். முதலில் வந்தபோது, பின்னால் நின்று கேமரா எடுத்த படத்தில் அவர் மட்டை முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து கிடந்தது. தூக்கு தூக்கு என்று சொல்லிச் சொல்லி இப்போதுதான் படத்தின் மேல் நான் போடும் கோட்டுக்கு வந்திருக்கிறது. படம் அவ்வளவு அழகு. பந்துதான் வலப்பக்கம் ஓடுகிறது. வலது தோளும் வலிக்கிறதாம்.

"படத்துல எல்லாம் சரின்னா தப்பு எங்கிட்டதானே? வயசாயிடுச்சு. அடுத்த மாசம் அணித் தேர்வுல வரலைன்னா விட்டுடப் போறேன்" என்றார். இன்னும் கொஞ்சம் பயிற்சி போதும் என்றேன்.

மார்ச் 14, வியாழன்

டாக்டரிடம் கத்திவிட்டேன். படத்தில் மட்டை செங்குத்தாக நிற்கிறது. அசல் விறகுவெட்டி. "ஒரே வாரத்துல ஏன் இவ்வளவு தூக்கினீங்க?"

"நீங்க சொன்னபடிதான் பண்றேன்." முகம் சுருங்கிவிட்டது.

மார்ச் 15, வெள்ளி

தரை துடைக்கிற அக்கா வந்து சொன்னார்: "நேத்து காலைல கேமரா ஸ்டாண்டை நகத்தினேன், திரும்ப நீல டேப்புல வைக்க மறந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க."

நகர்ந்தது ஒன்றரை அடி. அதற்கு இவ்வளவு வித்தியாசமா? என்னையே படம் எடுத்தேன். டேப்பில் வைத்து ஐந்து பந்து, அக்கா வைத்த இடத்தில் ஐந்து பந்து. டேப்பிலிருந்து பார்த்தால் நான் கொழுந்தன் கட்சி. அங்கிருந்து பார்த்தால் என் கட்சி.

அளந்தேன். கேமரா கைகளுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். அக்கா வைத்த இடம் கிட்டத்தட்ட அதுதான். டேப் பந்துக்கு நேர் பின்னால் இருக்கிறது; அங்கிருந்து எடுத்தால் எந்த மட்டையும் தாழ்ந்துதான் தெரியும். இந்தக் கூடத்துக்கு வந்த அன்று, அவசரத்தில் நானே ஒட்டியது.

அப்படியென்றால் டாக்டரின் மட்டை தாழ்ந்தே இருக்கவில்லை. முதல் நாளே சரியாகத்தான் சுழற்றியிருக்கிறார் — நான்தான் — ஐயோ, நல்லா இருந்த தோளை நானே கெடுத்து வெச்சிருக்கேனே.

மார்ச் 16, சனி

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 18, திங்கள்

சொல்லவில்லை. டேப்பை மட்டும் உரித்தேன். பசை போகவில்லை.

மார்ச் 20, புதன்

கொழுந்தனிடம் சொன்னேன். கேலிக்குத் தயாராக நின்றேன். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப நான் சொன்ன சாய்வுதான் சரின்னு ஆயிடாதுல்ல?"

"ஆகாது. கேமரா வெச்ச இடம் தப்பு, அவ்வளவுதான்."

பத்து நிமிடம் கழித்துத் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மண்டியிட்டுத் தன் டேப்பை அளந்துகொண்டிருந்தான். "எவ்வளவு?" என்றேன்.

"பேசாதீங்க அண்ணி."

மார்ச் 21, வியாழன்

டாக்டரிடம் இரண்டு படத்தையும் போட்டுக் காட்டினேன். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்றேன்.

"ரெண்டு வருஷமா?"

"ஆமா."

கையுறையை விரல் விரலாகக் கழற்றிப் பையில் வைத்தார். "நானும் ஒருத்தருக்கு நல்ல பல்லைப் புடுங்கியிருக்கேன். எக்ஸ்ரேவைத் திருப்பிப் பிடிச்சுட்டேன். அவர்கிட்ட மறைக்காம சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அப்புறம் வரவே இல்ல."

போய்விட்டார்.

ஏப்ரல் 4, வியாழன்

ஐந்து மணி காலி. அணித் தேர்வுக்கு அவர் போகவில்லையாம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

நான்கு நாளாகக் கடைவாய்ப் பல் வலி. வேறு பல் டாக்டர் இல்லாமல் இல்லை. அவரிடமே போனேன்.

நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சை அடைத்தார். எக்ஸ்ரேவை விளக்குக்கு எதிரே பிடித்து, திருப்பி, மறுபடியும் பிடித்தார். "இடது பக்கம், கீழ. மூணு தடவ பாத்துட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாய் இல்லை.

பல்லை எடுத்த பிறகு கை கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "வியாழன் அஞ்சு மணிய யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"தோள் இன்னும் வலிக்குது, மெதுவாத்தான் ஆரம்பிக்கணும். அப்புறம், கேமராவ எங்க வைக்கணும்னு எனக்கும் சொல்லிக் குடுங்க. நானும் பாத்துக்கறேன்."