இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் படகேறுவேன்

விஷ்ராந்த்வாடி, புனே
18-4-2006

அன்புள்ள பார்கவிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அந்தக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அப்பா ரிடயர் ஆனதிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறதா என்று காவல் காக்கிறார், வேறு வேலை கிடையாது.

உன் போன் விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் இரண்டு பேரும் வாருங்கள், ஆனால் நீ திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகும் படகில் அம்மா ஏற வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொன்னாயாமே. என்னிடம் சொல்ல வாய் வரவில்லையாக்கும். நன்றாக இருக்கிறதடி! ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து டீவி பார்க்கவா நான் ஐஸ்லாந்து வரைக்கும் வருகிறேன்? போன வருஷம் நடந்தது நடந்துவிட்டது. திமிங்கிலம் தலைகாட்டாத நாளில் வந்த ஜனமெல்லாம் உன் முகத்தையே பார்க்கும், அழுகையே வந்துவிடும் என்று நீதானே சொன்னாய். அதற்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்து ஏறினேன். வெறும் வயிற்றோடு கடலுக்குப் போகக் கூடாது என்று எனக்கு என்ன தெரியும்? துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிட்டது, கீழ் அறையில் பக்கெட்டும் கையுமாகக் கிடந்தேன். ஆனால் திமிங்கிலம் வந்ததா இல்லையா? வந்தது. அதை நீ மறுக்க முடியாது.

இந்தத் தடவை விரதத்தை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்கிறேன். டோஸ்ட்டும் இஞ்சி மரப்பாவும் தின்றுவிட்டுத்தான் ஏறுவேன். பொங்கல் கழிந்ததிலிருந்து பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு கடக்வாஸ்லா பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போய்வந்து பழகுகிறேன். அது தூக்கிப் போடுகிற போடுக்கு உன் கடலெல்லாம் எம்மாத்திரம்! முதல் நாள் ஸ்டெல்லாவின் புடவையிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். எதுக்குக்கா இந்தப் பாடு என்று பாவம் கெஞ்சினாள். முன்னால் காலியாக இருக்கிறது, புடே யா ஆஜி என்று கண்டக்டர் கூப்பிடுகிறான். நான் அவனுக்குப் பாட்டியா? அசையவே இல்லை. இப்போது வேர்க்கடலை கொறித்துக்கொண்டே போய்வருகிறேன்.

போன வருஷம் படகில் கீழே கிடந்தபோது தலைக்கு மேலே மைக்கில் உன் குரல் கேட்டது. அந்த ஊர் பாஷையிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிப் பேசினாய், ஒன்றும் புரியவில்லை. நீ சொல்லி வாய் மூடுவதற்குள் அத்தனை பேரும் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். என் பெண் குரலுக்கு ஒரு படகே கைதட்டுகிறது, நான் பக்கெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் அடங்கவில்லை. மேலே நின்று பார்த்த அப்பா வருஷம் பூராவும் அந்தத் திமிங்கில வாலைப் பற்றியே பேசுகிறார். பார்கவி எங்கே நின்றாள், கையை எப்படி நீட்டினாள் என்று கேட்டால், கவனிக்கலையே என்கிறார். மனுஷனா அவர்!

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. தீர்க்காயுசாக, நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. திமிங்கிலம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். எனக்கும் இடம் போட்டு வை, மேல் தளத்தில், நீ நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே.

உன் அம்மா
வேதநாயகி