நியூட்ரான் வரை போன சந்தேகம்

அக்கா,

இன்று காலை பட்டறையில் புதிய சாணைச் சக்கரத்தின் பெட்டியைப் பிரித்தேன். அந்த வாசனை வந்ததுமே, "இதுல முன்னாடி என்னத்தத் தேய்ச்சாங்க?" என்று நீங்கள் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் இருந்தது. புதுசு அக்கா, சத்தியமாக.

உங்களைப் போன்ற சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. லிங்கராஜபுரம் வீட்டில், சர்க்கரை போட்டாயிற்று என்று உங்கள் கணவர் சொன்ன பிறகும் காப்பியைக் கலக்கிப் பார்ப்பீர்கள்.

அந்த அலுமினியக் கட்டிகள் நினைவிருக்கிறதா? வாடிக்கையாளர் கடைசலுக்கு அனுப்பியவை. நம் பொம்மசந்திரா சோதனைக்கூடத்தில், துப்பாக்கி போலிருக்கும் எக்ஸ்ரே கருவியை வைத்தால் செம்பும் துத்தநாகமும் அளவுக்கு மீறிக் காட்டியது. ஸ்டோர் கீப்பர் முனிரத்னம் நல்ல கட்டியை விற்றுவிட்டு மட்டமானதை வைத்துவிட்டார் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். வேலை போவதோடு போலீசும் வரும் நிலை. நாங்கள் எல்லோரும் தோளைத் தட்டி, நம்புகிறோம் என்றோம். உங்களிடமும் வந்தார்.

"நீங்களாவது நம்புங்க மேடம்."

"நம்ப மாட்டேன் முனிரத்னம். உங்களயும் நம்ப மாட்டேன், அந்தத் துப்பாக்கியயும் நம்ப மாட்டேன். அது மேல்தோல மட்டும்தான் பாக்கும்."

கட்டியை வெட்ட வாடிக்கையாளர் விடவில்லை. மேனேஜரோடு மல்லுக்கட்டி அதை வெளியூர் அணு உலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வைத்தீர்கள். நியூட்ரான் மேலோடு நிற்காது, உள்ளே புகுந்துவிடும். அதை வாங்கிக்கொண்ட ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய காமாக் கதிரை விடும். எது எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். கட்டி அசல்தான் என்று பதில் வந்தது.

அதோடும் நீங்கள் விடவில்லை. "அப்போ செம்பு எங்கேருந்து வந்துச்சு?" என்று நேராகச் சாணைக்குப் போனீர்கள். துப்பாக்கி வைப்பதற்கு முன் கட்டியைத் தேய்த்துச் சுத்தம் செய்த சக்கரத்தில் பித்தளைத் தூள் மின்னியது. யாரோ முந்தின வேலைக்குப் பித்தளை தேய்த்த அதே சக்கரம். வேறு சக்கரத்தில் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தோம். செம்பும் துத்தநாகமும் இருக்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டன. முனிரத்னத்தின் வேலை தப்பியது.

உங்கள் அடக்கத்துக்கு முனிரத்னம் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் தேம்பித் தேம்பி அழுதார். ஆறுதலாகக் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டார்.

"எல்லாரும் நம்பறேன்னு சொல்லிட்டு சாப்பாட்டுக்குப் போயிட்டீங்க சார். நம்பலன்னு சொன்ன அவங்க மட்டும்தான் எனக்காக அலைஞ்சாங்க."

அன்றிலிருந்து, நம்புகிறேன் என்று யாரிடமும் சும்மா சொல்ல எனக்கு நா எழுவதில்லை அக்கா.