இனிசேட்டை

ஜூன் 2, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக் கையைக் கழுவுவதற்குள் மகள் பிடித்துக்கொண்டாள். அவள் நடத்தும் கதை விளையாட்டில் இரண்டு பேர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார்களாம். ஆள் வேண்டுமாம். ஒரு ஆள் நான். இன்னொரு ஆள் யாரென்று மேஜைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது — எதிர் வீட்டு மச்சான். என் மனைவியின் தம்பி. பதினோரு மாதமாக என்னிடம் பேசாதவன். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து போட்ட திட்டம், வேறென்ன.

மகளின் சிநேகிதி பல் டாக்டரும் இருந்தாள். ஆளுக்கொரு வேஷம். நான் கோடாலி வீரன், மச்சான் வைத்தியன், பல் டாக்டர் வில்லாளி. பூதம், பேய் எல்லாம் மகள் பொறுப்பு.

சண்டை வந்தால் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. இருபது முகம் உள்ள பகடையை ஆளாளுக்கு உருட்ட வேண்டும். பூதத்துக்கும் உண்டு. பெரிய எண் விழுந்தவருக்கு முதல் முறை, அப்புறம் அதற்கடுத்தவர், இப்படியே கடைசி வரைக்கும். முடிந்ததும் அதே வரிசையில் மறுபடி முதலிலிருந்து. இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னாள். என் காதில் "இனிசேட்டை" என்று விழுந்தது. நான் படித்த ஏழாங்கிளாஸுக்கு அது போதும்.

முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிட்டவன் நான். "உங்க முறை வரும், உட்காருங்க" என்று எத்தனை பேரை உட்கார வைத்திருப்பேன். இன்று உருட்டினேன், மூன்று விழுந்தது. அதே வார்த்தையை மகள் எனக்குச் சொன்னாள்.

ஜூன் 3

மாடிப்படியில் மச்சான். என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சுவரில் ஒன்றும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஒரு சுற்று என்பது கதையில் ஆறே வினாடியாம். இன்று ஒரு சுற்று முடிய நாற்பது நிமிஷம். பல் டாக்டர் யோசித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு பல் விழுந்துவிடும் என்றேன். "விழட்டும் அங்கிள், நான்தான் இருக்கேனே" என்றாள். கெட்டிக்காரி.

பொறுக்க மாட்டாமல் மூன்று தடவை நடுவில் புகுந்து கோடாலியை ஓங்கினேன். மூன்று தடவையும் மகள், "அப்பா, உங்க முறை இல்ல."

கடைசியில் பூதம் அடித்த அடியில் என் வீரனுக்கு இரண்டே புள்ளி உயிர் மிச்சம். அடுத்த முறை வைத்தியனுடையது. மச்சான் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வில்லாளிக்கு வைத்தியம் பார்த்தான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லையே என்றாள் பல் டாக்டர். "எதுக்கும் இருக்கட்டும்மா" என்றான்.

கொழுப்பைப் பார்.

ஜூன் 10

சரி, எழுதிவிடுகிறேன். தப்பு என்னுடையதுதான். அவன் மகன் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் சுற்றி நிற்க, அவன் வைத்திருந்த டோப்பாவைக் காட்டி, இந்த மண்டபத்தில் நாற்காலி மட்டுமில்லை, மச்சான் தலைமுடியும் வாடகைதான் என்றேன். அப்படி ஒரு சிரிப்பு. சிரிக்காதவன் மச்சான் ஒருத்தன்தான். அப்புறம் எடுத்த போட்டோ ஒவ்வொன்றிலும் அவன் கை தலைமேல் இருக்கிறது.

வாய்க்கொழுப்பு எனக்கு. ஆனா அவனும் வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே? திட்டியிருந்தா பேச்சு நின்னிருக்காதே?

ஜூன் 16, ஞாயிறு

புது விதி ஒன்று. முறை வந்ததும் உடனே அடிக்காமல் காத்திருக்கலாமாம். வம்புக்கு, "காத்திருக்கேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றாள் மகள்.

"சும்மாதான்."

"சும்மால்லாம் காத்திருக்க முடியாதுப்பா. எது நடந்தா நீங்க என்ன செய்வீங்கன்னு இப்பவே எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும். சொல்லாட்டி முறை போச்சு."

சொல்ல ஒன்றும் வரவில்லை. முறை போச்சு.

ஜூன் 18

அவன் முதல்ல பேசணும்னு காத்திருக்கேன். சரி. பேசினா நான் என்ன செய்வேன்? இத்தனை மாசத்துல அதை யோசிக்கவே இல்லையே.

ஜூன் 21

வீட்டில் பகடை உருட்டிப் பழகினேன். கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. நான் குனிந்தால் நிமிர்த்த இன்னொரு ஆள் வேண்டும். மனைவி துடைப்பத்தால் தள்ளி எடுத்துக் கொடுத்தாள். உருட்டுவதை விட்டுவிட்டு வாயைத் திறந்து பேசப் பாருங்கள் என்றாள். அவளுக்குத் தம்பி பக்கம்தான் எப்போதும்.

ஜூன் 23, ஞாயிறு

எனக்குப் பத்தொன்பது. இன்றைக்கு முதல் ஆள் நான்.

குகைக்குள் பாறை அரக்கன். வரிசை இப்படி: நான், அரக்கன், பல் டாக்டர், கடைசியில் மச்சான். அவனுடைய வைத்தியன் நாலு புள்ளி உயிரோடு அரக்கனுக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் முறை வருவதற்குள் அரக்கன் அவன் கதையை முடித்துவிடுவான். ஓங்கி ஒரு போடு போடச் சொன்னாள் பல் டாக்டர்.

"காத்திருக்கேன்" என்றேன்.

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். "எதுக்குப்பா?"

"அரக்கன் மச்சான் மேல கை ஓங்கினா, நான் குறுக்க போய் அந்த அடியை வாங்கிக்குவேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் தானாக ஓடியது. "இன்னொண்ணு. மச்சான் என் மூஞ்சியைப் பாத்தா, கல்யாணத்துல நான் பேசினது தப்புன்னு சொல்லுவேன்."

"ஒரு முறைக்கு ஒண்ணுதான்பா" என்றாள் மகள். மச்சான் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரக்கன் ஓங்கினான். குறுக்கே போனேன். வீரன் விழுந்தான், உயிர் பூஜ்யம். பல் டாக்டர் அம்பைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் மச்சான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

"கிறுக்கா அத்தான் உங்களுக்கு? யாரு உங்களைக் குறுக்க வரச் சொன்னது? நான் வைத்தியம் பாக்கறேன். இப்பவே பாக்கறேன்."

"மாமா, உங்க முறை இன்னும் வரல."

"இவர் எனக்கு என்ன முறைன்னு எனக்குத் தெரியும். நீ பூதத்தைப் பாரு."

பதினோரு மாதம் கழித்து அத்தான் என்கிறான். அதுவும் என் மூஞ்சியை நேராகப் பார்த்து. விதி விதிதானே — சொல்லிவிட்டேன்.

மகள் இரண்டாவதையும் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

ஜூன் 26

காலையில் மச்சான் கதவைத் தட்டி நடக்கக் கூப்பிட்டான். அத்தனை மாதப் பேச்சையும் சேர்த்து வைத்திருந்தான் போல. மருமகள், முழங்கால், தண்ணீர் மோட்டார், திரும்ப மருமகள். பூங்காவை நாலு சுற்று வந்தோம். என் முறை வரவேயில்லை.